எம்ஜிபிக்கு எந்த கியர்பாக்ஸ்? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு ஓர் எளிய விளக்கம்

பழைய எம்ஜிபி ஒன்றை வாங்கியவர் முதல் வாரம் முழுக்க ஊருக்குள் சந்தோஷமாக ஓட்டுவார். நெடுஞ்சாலையில் ஏறியதும் முகம் மாறிவிடும். நாலாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் ஏறக்குறைய 3,500 ஆர்பிஎம்மில் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசவே குரலை உயர்த்த வேண்டும். இன்றைய கார்களில் பழகிய கை, தானாக ஐந்தாவது கியரைத் தேடிப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது.

உடனே நாலு பேரிடம் விசாரிப்பார். ஒருவர் ஓவர்டிரைவ் போடு என்பார். இன்னொருவர் ஃபோர்டு பாக்ஸ்தான் சரி என்பார். மூன்றாமவர் மாஸ்டா பாக்ஸை எடுத்துச் சொல்வார். நாலாமவரோ, ஒரிஜினலைத் தொடவே தொடாதே என்று எச்சரிப்பார். நாலு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நம் வண்டிக்கு எது பொருந்தும் என்று முடிவெடுக்க, கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். கியர்பாக்ஸைத் திறந்தே பார்க்காதவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் எம்ஜிபி? 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலை இதன் தாய்வீடு. உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. பழைய ஸ்போர்ட்ஸ் கார் கியர்பாக்ஸ் பற்றி எழும் கேள்விகள் எல்லாமே இந்த ஒரு காரிலேயே வந்துவிடுகின்றன. நமக்கும் இதற்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும், எம்ஜிபியின் 1,798 சிசி இன்ஜினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்தில் பிறந்தவை. அம்பாசடர் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பழகிய மெக்கானிக்குக்கு எம்ஜிபி இன்ஜின் அந்நியமாகத் தெரியாது.

முதலில் இந்த எண்களைப் பார்த்துவிடுவோம்

நின்ற வண்டியைக் கிளப்பும்போது சக்கரம் மெதுவாகவும் இன்ஜின் வேகமாகவும் சுற்ற வேண்டும். வண்டி வேகம் பிடித்த பிறகு அந்த வித்தியாசம் குறைய வேண்டும். இதற்காகத்தான் பல் எண்ணிக்கையில் வேறுபட்ட பற்சக்கர ஜோடிகளைக் கியர்பாக்ஸுக்குள் வைத்திருக்கிறார்கள். 1967 இறுதியில் இருந்து வந்த எம்ஜிபி பாக்ஸில் விகிதங்கள் இப்படி: முதல் கியர் 3.44, இரண்டாவது 2.17, மூன்றாவது 1.38, நாலாவது 1.00. முதல் கியரில் இன்ஜின் 3.44 சுற்று சுற்றினால், கியர்பாக்ஸின் பின்பக்கம் வெளியே வரும் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். நாலாவது கியரில் இரண்டும் சமம்.

அதோடு முடியவில்லை. பின் ஆக்ஸிலில் இருக்கும் டிஃபரன்ஷியல் தன் பங்குக்கு 3.909 மடங்கு குறைக்கும். ஆகவே முதல் கியரில் பின்சக்கரம் ஒரு முறை சுற்ற இன்ஜின் 13 முறைக்கு மேல் சுற்றியாக வேண்டும். நாலாவது கியரில் நாலு முறைக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து ஓட்டுநருக்குத் தரும் பயனுள்ள எண் ஒன்று உண்டு. எம்ஜிபியில் டாப் கியரில் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் வண்டி சுமார் 28.8 கிலோமீட்டர் வேகம் போகும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் மனக்கணக்கு. பிரிட்டன் மோட்டார்வேயின் வேக வரம்பான 70 மைல், அதாவது ஏறக்குறைய 113 கிலோமீட்டரில் இன்ஜின் 3,900-த்தைத் தொடும். இன்ஜினுக்கு இது ஆபத்தான சுழற்சி இல்லை, நாள் முழுக்கத் தாங்கும். தாங்க முடியாமல் தவிப்பது காதுதான். பெட்ரோலும் கூடுதலாகத்தான் குடிக்கும்.

விகிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்: ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. முதல் கியரில் 5,000 ஆர்பிஎம் வரை இழுத்து இரண்டாவதுக்கு மாற்றினால், இந்த பாக்ஸில் இன்ஜின் சுமார் 3,150-க்கு இறங்கும். எம்ஜிபி இன்ஜினின் இழுவை உச்சத்தில் இருப்பது 3,000 ஆர்பிஎம் பக்கத்தில். அதனால் கியர் மாறியவுடன் வண்டி தொய்வில்லாமல் இழுக்கும். இடைவெளி பெரிதாக இருந்தால் இன்ஜின் அதற்கும் கீழே விழுந்து, அங்கிருந்து மறுபடி ஏறி வர வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் சுகத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. டாப் கியரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சிங்க்ரோ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

1962-இல் வந்த எம்ஜிபியின் நாலு கியர் பாக்ஸில் இரண்டு, மூன்று, நாலு ஆகிய கியர்களுக்கு மட்டுமே சிங்க்ரோமெஷ் உண்டு. முதல் கியருக்கு இல்லை. 1967 இறுதியில் மார்க்-2 என்ற இரண்டாம் வடிவ எம்ஜிபி வந்தபோது நாலு கியருக்கும் சிங்க்ரோ வைத்த புதிய பாக்ஸ் வந்தது. அதே சமயம் வெளிவந்த ஆறு சிலிண்டர் எம்ஜிசிக்கும் இந்த வடிவம்தான். ஆர்வலர்கள் இவற்றை ‘மூணு சிங்க்ரோ’, ‘நாலு சிங்க்ரோ’ என்று சுருக்கிச் சொல்வார்கள்.

சிங்க்ரோ என்ன செய்கிறது? ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் முதலில் பஸ்ஸோடு கொஞ்சதூரம் ஓடி, அதன் வேகத்துக்கு வந்த பிறகுதான் படியில் கால் வைப்பார். நின்ற இடத்தில் இருந்தே காலை வைத்தால் விழ வேண்டியதுதான். கியர் போடும்போதும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் கூம்பு வடிவப் பித்தளை வளையம் முதலில் உரசி, இரண்டின் வேகத்தையும் சமன் செய்கிறது. சமமான பிறகே பல்லோடு பல் சேர வழிவிடுகிறது. அந்த வளையம் தேய்ந்தால் வேகம் சமமாகாமலே பல் மோதும், ‘கர்ர்’ என்ற சத்தம் கேட்கும்.

மூணு சிங்க்ரோ பாக்ஸில் முதல் கியருக்கு இந்த வளையம் கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகு போட்டால் பிரச்சினை இல்லை. உருண்டுகொண்டிருக்கும்போதே முதல் கியர் வேண்டுமென்றால், வேகத்தைச் சமன் செய்யும் வேலையை ஓட்டுநரே செய்ய வேண்டும். இதுதான் டபுள் டிகிளட்ச். இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஏற்றத் திருப்பத்தில் வண்டி திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சை விடுங்கள். நியூட்ரலிலேயே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி இன்ஜினை 1,900 ஆர்பிஎம் பக்கம் ஏற்றுங்கள், ஏனென்றால் முதல் கியரில் அந்த வேகத்துக்கு இன்ஜின் சுற்ற வேண்டிய அளவு அதுதான். மறுபடி கிளட்சை மிதித்து முதல் கியரைப் போடுங்கள். கணக்கு சரியாக அமைந்தால் கியர் சத்தமே இல்லாமல் உள்ளே நழுவும். பழக்கம் வந்த பிறகு நாலு அசைவும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். இதில் கிடைக்கும் திருப்திக்காகவே மூணு சிங்க்ரோ வண்டியை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பழக்கம் வராதவர்கள் கையில் அந்தப் பற்கள் படாதபாடு படும். ஆரம்பகால வண்டி வாங்கும்போது முதல் கியர் பற்களின் முனை மழுங்கியிருக்கிறதா என்று சந்தேகப்படுவது நியாயம். முந்தைய ஓட்டுநர்கள் எப்படி ஓட்டினார்கள் என்பதை அந்தப் பற்களே சொல்லிவிடும். முதல் கியரில் கிளம்பும்போது கேட்கும் ஊளைச் சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்தச் சக்கரத்தின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, அது எழுப்பும் இயல்பான ஒலி அது.

ஓவர்டிரைவ்

ஓவர்டிரைவைக் கூடுதலாக ஒரு கியர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதன் அருமை அப்படிச் சொன்னால் புரியாது. வழக்கமான நாலு கியர் பாக்ஸுக்குப் பின்னால் தனிக் கூட்டில் தொங்கும் யூனிட் இது. எட்கர் டி நார்மன்வில் என்ற பொறியாளரின் வடிவமைப்பு, ஷெஃபீல்டு நகரின் லேகாக் நிறுவனம் தயாரித்தது. அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் கார்களில் இதைப் பார்க்கலாம். மூணு சிங்க்ரோ எம்ஜிபியில் இருந்தது டி-டைப், விகிதம் 0.80. நாலு சிங்க்ரோ வண்டியில் எல்ஹெச், விகிதம் 0.82.

உள்ளே ஒரு கோள்சக்கர அமைப்பு இருக்கிறது. நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிச் சிறு கோள்சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து உட்பக்கம் பல் கொண்ட பெரிய வளையச் சக்கரம். சாதாரணமாக ஓடும்போது, ஸ்பிரிங்குகள் ஒரு கூம்பு கிளட்சை அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சுற்ற வைக்கும். உள்ளே போகும் சுழற்சி அப்படியே வெளியே வரும். ஓட்டுநர் சுவிட்சைப் போட்டதும் சோலனாய்டு என்ற மின்காந்தம் ஒரு வால்வைத் திறக்கிறது. ஓவர்டிரைவின் சொந்த பம்ப் தரும் எண்ணெய் அழுத்தம் பிஸ்டன்களைத் தள்ள, கூம்பு நகர்ந்து வெளிக்கூட்டோடு ஒட்டிக்கொள்ளும். கூம்போடு சேர்ந்து சூரியச் சக்கரமும் நின்றுவிடும். இப்போது கோள்சக்கரங்கள் நிற்கும் சூரியனைச் சுற்றி உருண்டபடி வெளி வளையத்தை இன்னும் வேகமாகத் தள்ளுகின்றன. வெளியே போகும் ஷாஃப்ட் உள்ளே வருவதை விட வேகமாகச் சுற்றுகிறது. இத்தனையும் கிளட்சைத் தொடாமலே ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

ஓட்டும்போது இது எப்படி இருக்கும்? 100 கிலோமீட்டரில் 3,500 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டிருந்த இன்ஜின், விரலால் சுவிட்சைத் தட்டியதும் 2,850-க்கு இறங்கி அமைதியாகும். முள் கீழே விழுவதைப் பார்க்காமலே காதுக்குத் தெரியும். சுவிட்ச் முதலில் டாஷ்போர்டில் இருந்தது, பிறகு ஸ்டீயரிங் பக்கத்துத் தண்டுக்கு வந்தது, கடைசி ஆண்டுகளில் கியர் நாப் மேலேயே உட்கார்ந்தது.

பலரும் சொல்லாமல் விடும் இன்னொரு நன்மை உண்டு. 1977 வரை ஓவர்டிரைவ் மூன்றாவது கியரிலும் வேலை செய்தது. 1.38-ஐ 0.82-ஆல் பெருக்கினால் 1.13. அதாவது மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு கியர் கிடைக்கிறது. மலைப்பாதையில் மூன்றாவது கியர் சத்தம் போடுகிறது, நாலாவது இழுக்க மறுக்கிறது என்ற இடத்தில் கையை ஸ்டீயரிங்கில் இருந்து எடுக்காமலே சுவிட்சைத் தட்டினால் போதும். வளைவு வந்ததும் தட்டி எடுத்துவிடலாம். எந்த ஐந்து கியர் பாக்ஸும் இதைத் தராது. 1977-க்குப் பிந்தைய வண்டிகளில் டாப் கியரில் மட்டுமே இயங்கும்படி மாற்றிவிட்டார்கள்.

சில கட்டுப்பாடுகள் உண்டு. ரிவர்ஸில் ஓவர்டிரைவ் பிடித்திருந்தால் உள்ளே உடைந்துவிடும். இதைத் தடுக்க, மேல் கியர்களில் மட்டும் மின்சாரம் போகும்படி கியர்பாக்ஸில் ஒரு தடுப்பு சுவிட்ச் இருக்கிறது. பழைய வண்டியில் யாராவது அந்த சுவிட்சைச் சுற்றி நேரடியாக வயர் இழுத்து வைத்திருந்தால் முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள். அப்புறம் எண்ணெய். கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்ஜிபிக்குத் தொழிற்சாலை சொன்னது 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில். கெட்டியான கியர் ஆயிலையோ, வழுவழுப்பைக் கூட்டும் சேர்மானங்களையோ ஊற்றினால் கூம்பு பிடிக்காமல் வழுக்கும். நல்லது என்று நினைத்து ஊற்றியதே கெடுதலாகிவிடும்.

ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்று சொல்லி விலை குறைத்து விற்கப்படும் வண்டிகளைப் பார்த்து மிரள வேண்டாம். பெரும்பாலும் காரணம் எண்ணெய் குறைவு, வயரிங், தடுப்பு சுவிட்ச் அல்லது சோலனாய்டு ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாம் சிறு செலவில் தீர்பவை. யூனிட்டையே பிரிக்க வேண்டிய நிலை அபூர்வம்.

ஐந்து கியர் பாக்ஸ்கள்

1975 நடுவில் இருந்து பிரிட்டன் சந்தைக்கான எம்ஜிபிகளில் ஓவர்டிரைவ் கூடவே வந்தது. அதற்கு முன்பு அது கூடுதல் பணம் கட்டி வாங்கும் வசதி. எம்ஜிபிகளில் பெரும்பகுதி வட அமெரிக்காவுக்குத்தான் போனது. அங்கே ஓவர்டிரைவ் இல்லாத வண்டிகள் ஏராளம். அப்படி ஒன்றை வாங்கியவருக்கு ஓவர்டிரைவ் யூனிட்டை மட்டும் தனியாக வாங்கி ஒட்டவைக்க முடியாது. அதற்கான மெயின் ஷாஃப்டே வேறு. முழு ஓவர்டிரைவ் கியர்பாக்ஸைத் தேட வேண்டும். பழையது கிடைத்தாலும் அதைப் பிரித்துப் புதுப்பிக்கச் செலவாகும். ஐந்து கியர் மாற்று பாக்ஸ்கள் பிரபலமானதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அதிகம் புழங்குவது ஃபோர்டு டைப்-9. 1980களின் சியரா, காப்ரி கார்களில் வந்தது. 2.8 லிட்டர் வி6 இன்ஜினின் முறுக்கையே தாங்கிய பாக்ஸ் என்பதால் எம்ஜிபி இன்ஜின் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வாங்கும்போது விகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நாலு சிலிண்டர் கார்களுக்கான வகையில் விகிதங்கள் 3.65, 1.97, 1.37, 1.00, 0.82. முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். முதல் கியர் மிகவும் குட்டை, வண்டி கிளம்பிய உடனே மாற்றச் சொல்லும். 5,000 ஆர்பிஎம்மில் மாற்றினால் இன்ஜின் 2,700-க்கு விழும். ஒரிஜினல் பாக்ஸில் 3,150-க்குத்தான் இறங்கியது. ஓட்டுபவர் இந்தப் பள்ளத்தை ஒவ்வொரு சிக்னலிலும் உணர்வார். வி6 வகையில் முதல் கியர் 3.36, இரண்டாவது 1.81. முதல் கியர் நீளமாக இருப்பதால் கிளம்பியதும் மாற்றச் சொல்லும் அவசரம் இல்லை. ஆனால் இடைவெளி அதே அளவு பெரிதுதான்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 பாக்ஸ் இன்னொரு தேர்வு. முதல் தலைமுறையின் ஐந்து கியர் பாக்ஸில் விகிதங்கள் 3.14, 1.89, 1.33, 1.00, 0.81. படிகள் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. கூடு அலுமினியம், எடை குறைவு. கியர் லீவரின் அசைவு குறுகலாக, துல்லியமாக இருக்கும். ஓட்டிப் பார்த்தவர்கள் பலர் இதன் மேல் காதலாகிவிடுவதற்குக் காரணம் அந்த லீவர்தான். ஒரு குறை: எம்எக்ஸ்-5 காரில் இந்த பாக்ஸோடு வந்த டிஃபரன்ஷியல் 4.3. எம்ஜிபியில் அது 3.909 என்பதால் முதல் கியர் ஒரிஜினலை விட ஏறக்குறைய 9 சதவீதம் நீளமாகிவிடும். செங்குத்தான ஏற்றத்தில் ஆள் நிறைந்த வண்டியைக் கிளப்பக் கிளட்ச் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

இப்போது டாப் கியர் எண்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். டி-டைப் ஓவர்டிரைவ் 0.80, எல்ஹெச் 0.82, ஃபோர்டு 0.82, மாஸ்டா 0.81. நாலும் ஏறக்குறைய ஒன்றுதான். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டரில் எதைப் போட்டாலும் இன்ஜின் 2,800 பக்கத்தில்தான் சுற்றும். “ஐந்தாவது கியர் போட்டால் ஓவர்டிரைவை விட அமைதியாக இருக்கும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டாப் கியருக்காக ஒன்றை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. கீழ் கியர்களின் இடைவெளி, லீவரின் உணர்வு, ஏற்கெனவே வண்டியில் என்ன இருக்கிறது, வண்டியை எந்த அளவுக்குப் பிறந்த மேனியாக வைத்திருக்க ஆசை என்பவைதான் முடிவு செய்ய வேண்டியவை.

கியர்பாக்ஸைத் தொடாமல் டிஃபரன்ஷியலை மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். எம்ஜிபி ஜிடி வி8 காரின் 3.07 டிஃபரன்ஷியலைப் போட்டால் டாப் கியர் அமைதியாகிவிடும், வாஸ்தவம்தான். ஆனால் முதல் கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடும். 3.5 லிட்டர் இன்ஜினுக்காகச் செய்தது அது. 1.8 லிட்டர் இன்ஜினால் ஒவ்வொரு முறையும் அதை இழுத்துக் கிளம்ப முடியாது.

சரி, எதை எடுப்பது?

உங்கள் வண்டியில் ஓவர்டிரைவ் ஏற்கெனவே இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். அதைச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு சிங்க்ரோ பாக்ஸோடு எல்ஹெச் ஓவர்டிரைவ், அதுவும் மூன்றாவது கியரிலும் இயங்கும் 1977-க்கு முந்தைய வகை, எம்ஜிபிக்கு அமைந்த ஆகச் சிறந்த கியர்பாக்ஸ் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விகிதங்கள் இந்த இன்ஜினுக்காகவே யோசித்து வைக்கப்பட்டவை. வண்டியின் மதிப்பும் குறையாது.

1967-க்கு முந்தைய வண்டி என்றால் யோசிக்க வேண்டும். நாலு சிங்க்ரோ பாக்ஸ் உருவத்தில் பெரியது. அதற்காகவே மார்க்-2 வண்டியின் நடு டனலை, அதாவது கியர்பாக்ஸை மூடும் நடுமேட்டை, அகலப்படுத்தினார்கள். பழைய வண்டியில் அதைப் போட வேண்டுமானால் டனலை வெட்டி ஒட்ட வேண்டும். ஃப்ளைவீல், இன்ஜின் பின்தட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் மாற வேண்டும். அவ்வளவு பாடுபட்டு ஆரம்பகால வண்டியின் உடம்பில் கத்தி வைப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. டி-டைப் ஓவர்டிரைவ் உள்ள மூணு சிங்க்ரோ பாக்ஸ் கிடைத்தால் அதைப் போடுங்கள், டபுள் டிகிளட்ச் பழகுங்கள். முடியவே முடியாது என்றால், டனலை வெட்டாமல் உட்காரும் ஐந்து கியர் கிட் எது என்று விசாரித்து வாங்குங்கள். ஆரம்பகால வண்டிக்கும் பிந்தைய வண்டிக்கும் கிட் வேறு வேறு என்பதால், இன்ஜின் எண்ணையும் வண்டியின் ஆண்டையும் சொல்லி உறுதிசெய்யாமல் பணம் கட்ட வேண்டாம். ஒரிஜினல் பாக்ஸை விற்றுவிடாமல் எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருங்கள்.

அமெரிக்காவில் இருந்து வந்த, ஓவர்டிரைவ் இல்லாத பிந்தைய வண்டிதான் ஐந்து கியர் பாக்ஸுக்கு நியாயமான இடம். நீண்ட தூரம் போகிறவருக்கும், லீவரைக் கையில் பிடிக்கும் சுகம் முக்கியம் என்பவருக்கும் மாஸ்டா பாக்ஸ். இன்ஜினைப் பலப்படுத்தி ஓட்டுபவருக்கு வி6 விகிதம் கொண்ட ஃபோர்டு பாக்ஸ். நாலு சிலிண்டர் விகிதம் கொண்ட ஃபோர்டு பாக்ஸ் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவருக்கு? வெறும் நாலு கியரே போதும். அந்தப் பணத்தில் பிரேக்கையும் டயரையும் கவனியுங்கள்.

முடிவெடுக்கும் முன் வண்டியில் இருக்கும் பாக்ஸைப் பரிசோதியுங்கள்

இன்ஜின் சூடான பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் கிளட்சை விட்டுவிட்டுக் காது கொடுங்கள். அரைக்கும் சத்தம் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது நின்றுவிட்டால் முன் ஷாஃப்ட் அல்லது பாக்ஸுக்குள் இணையாக ஓடும் லேஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கோளாறு கிளட்ச் பக்கம். பிறகு ஓட்டிப் போய், இரண்டாவது கியரில் 50 கிலோமீட்டர் வரை ஏற்றி ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். லீவர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் உள்ளே தேய்மானம் அதிகம். மூன்றில் இருந்து இரண்டுக்குக் கொஞ்சம் வேகமாக இறக்கிப் பாருங்கள், கரகரத்தால் பித்தளை வளையம் போய்விட்டது. கடைசியாக, நாலாவது கியரில் 80 கிலோமீட்டரில் ஓவர்டிரைவ் சுவிட்சைப் போடுங்கள். இன்ஜின் 2,800-இல் இருந்து 2,300-க்கு உடனே இறங்க வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். மூணு சிங்க்ரோ வண்டியில் டனல் மேல் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைத் தூக்கினால் டிப்ஸ்டிக். நாலு சிங்க்ரோவில் பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள பிளக்கைத் திறந்துதான் பார்க்க முடியும்.

எந்த பாக்ஸை மாற்றினாலும் எம்ஜிபியில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகச் சேர்த்து மேலே தூக்குவதுதான் வழக்கமான முறை. பெரிய வேலை, இருவராவது வேண்டும். ஐந்து கியர் பாக்ஸ் போட்டால் பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் மாறும். ஸ்பீடோமீட்டரைச் சீரமைக்காவிட்டால் முள் தப்பான வேகத்தைக் காட்டும். வாங்கும் கிட்டில் இவை அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், விலை ஒப்பிடும்போது இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

இன்ஜின் வெளியே வந்திருக்கும் சமயத்தில் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், கிராங்க்ஷாஃப்ட் பின்பக்க ஆயில் சீல், மவுண்டிங் ரப்பர்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. ஒரிஜினல் கிளட்சின் ரிலீஸ் பேரிங் உருளைகள் இல்லாத ஒரு கார்பன் வளையம். கிளட்சை மிதித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அது உரசித் தேயும். தேய்ந்தால் அதற்காக மறுபடி இன்ஜினைத் தூக்க வேண்டும். ஆகவே சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலுக்கு வந்து, கிளட்சில் இருந்து காலை எடுத்துவிடுங்கள்.